சபை வாசலில் ஒரு பிடி அரிசி

பிரிக்பீல்ட்ஸில் பழைய ரயில்வே குவார்ட்டர்ஸ் இருந்த பக்கத்தில் ஒரு சிறிய தமிழ்ச் சபை இருக்கிறது. அதன் வாசலில் பத்தொன்பது வருடங்களாக ஞாயிறுதோறும் நின்று, வருபவர்களை வரவேற்பவர் கிளாரன்ஸ். ஐம்பத்தேழு வயது. வார நாட்களில் கட்டடங்களின் ஏர்கான் பராமரிப்பு வேலை. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழே முக்காலுக்கெல்லாம் முழுக்கைச் சட்டையும் டையுமாக வந்து, ஆராதனை முறைத்தாள்களைக் கையில் அடுக்கிக்கொண்டு நிற்பார். புதிதாக வந்தவரின் பெயரை ஒருமுறை கேட்டால் போதும், அடுத்த வாரம் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

சென்ற ஆண்டு தைப்பூசம் முடிந்த வாரம் ஒரு பெரியவர் வந்தார். எண்பதை நெருங்கும் வயது, வெள்ளைச் சட்டை, சாம்பல் நிறக் காற்சட்டை, நெற்றியில் மெல்லிய திருநீறு. கிளாரன்ஸ் சிரித்த முகத்தோடு தாளை நீட்டி, முதல் தடவையாக வருகிறீர்களா என்று விசாரித்தார். பெரியவர் அவர் முகத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, ஆமாம், உள்ளே வருவது முதல் தடவைதான் என்றார். பெயர் சிவகுருநாதன். நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பங்சாரில் தனியாக இருக்கிறார். பேச்சில் யாழ்ப்பாணச் சாயல் இருந்தது.

அதன்பிறகு அவர் ஒரு வாரமும் தவறவில்லை. கடைசி பெஞ்சில், மின்விசிறிக்குக் கீழே உட்காருவார். எல்லாரும் எழுந்தால் எழுவார். பாட்டுக்கு வாய் திறக்க மாட்டார். பிரசங்கத்தை மட்டும் கைகளைக் கட்டிக்கொண்டு, பரீட்சைக்குப் போகிறவர் போலக் கேட்பார். கடைசிப் பாட்டு தொடங்கியதும் எழுந்து போய்விடுவார். சபையில் சிலருக்கு அவரைப் பற்றி ஆவல். எப்போது ஞானஸ்நானம் கேட்பார் என்று பேசிக்கொண்டார்கள். கிளாரன்ஸ் ஒருநாள் வாசலில் அவரை நிறுத்தி, உங்களுக்காக ஏதாவது ஜெபிக்க வேண்டுமா அங்கிள் என்று கேட்டார். வேண்டாம், தான் கேட்பதற்குத்தான் வருவதாகப் பெரியவர் சொல்லிவிட்டுப் போனார். கிளாரன்ஸ் அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

ஆகஸ்டில் சபையைச் சேர்ந்த பாக்கியம் அக்காவின் சம்பந்தி இறந்துபோனார். இந்துக் குடும்பம். சபையிலிருந்து பதினைந்து பேர் துக்கத்துக்குப் போய், எதைச் செய்யலாம் எதைச் செய்யக்கூடாது என்று தெரியாமல் வெயிலில் வாசலோரமாகவே நின்றுவிட்டுத் திரும்பினார்கள். போதகர் ஏமிக்கு அது மனதில் தைத்தது. நம்முடைய பாதிச் சொந்தக்காரர்கள் வேறு சமயத்தவர்கள், அவர்கள் வீட்டுச் சாவில் எப்படி நிற்பது என்றுகூட நமக்குத் தெரியவில்லை என்று அடுத்த ஞாயிறு வெளிப்படையாகவே சொன்னார். மாதத்தில் ஒருநாள் ஆராதனைக்குப் பிறகு, மண்டபத்தில் தேநீரோடு, வேறு நம்பிக்கையுள்ள ஒருவரை அழைத்துப் பேசவைப்பது என்று முடிவாயிற்று. செப்டம்பரில் ஒரு பௌத்த அம்மாள் வந்தார். அக்டோபருக்கு ஏமி நேராகக் கடைசி பெஞ்சுக்குப் போய் சிவகுருநாதனைக் கேட்டார். சாவுச் சடங்குகளைப் பற்றித்தான் பேசவேண்டும் என்று கேட்டபோது, யோசித்துச் சொல்கிறேன் என்று போனார். அடுத்த வாரம் வந்து, சரி என்றார்.

அன்று மண்டபத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். கிளாரன்ஸ் நாற்காலிகளைப் போட்டுவிட்டு, வழக்கம்போலக் கதவோரம் நின்றுகொண்டார். சிவகுருநாதன் குறிப்பு எதுவும் வைத்திருக்கவில்லை. உடலைக் குளிப்பாட்டுவது, திருநீறு பூசுவது, பந்தம் பிடிப்பது, எட்டாம் நாள், முப்பத்தோராம் நாள் என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். பிறகு வாய்க்கரிசிக்கு வந்தார்.

"பச்சை அரிசியை எடுத்து, செத்தவரின்ட வாயில உரித்துக்காரர் ஒவ்வொருத்தராப் போடுறது. நாங்கள் குடுக்கிற கடைசிச் சாப்பாடு அது. அதைக் குடுத்தாத்தான், போயிட்டு வா எண்டு மனசு விடும்."

பாக்கியம் அக்கா கையை உயர்த்தி, கிறிஸ்தவளான தன் மகள் மாமனாருக்கு அரிசி போடலாமா வேண்டாமா என்று தவித்ததைச் சொல்லி, அப்படிப் போட்டிருந்தால் அந்த வீட்டார் தப்பாக எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டார்.

"தப்பில்லை பிள்ளை. அன்பிருக்கிற ஆரும் போடலாம்" என்றார் சிவகுருநாதன். பிறகு மேசைமேல் கையை ஊன்றிக்கொண்டார். "போடாமல் விட்டாத்தான் அது கிடந்து அறுக்கும். என்ட மகளுக்கு நான் போடேல்லை. இந்தக் கோயிலிலதான் அவளை வச்சிருந்தவை. அரிசி கொண்டு வந்தனான். வாசலிலயே வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டினம்."

அவர் யாரையும் சுட்டிக்காட்டவில்லை, கதவுப் பக்கம் திரும்பவும் இல்லை. ஆனால் அந்த மகள் யார், வாசலில் தடுத்தது யார் என்று கிளாரன்ஸுக்கு நினைவு வந்துவிட்டது.

அந்த மகள் சிந்துஜா. அவளுடைய அடக்க ஆராதனை. 2019, நவம்பர். கிள்ளானில் ஆசிரியையாக இருந்தவள், முப்பத்தொன்பது வயதில் புற்றுநோயில் போய்விட்டாள். கணவன் திமோத்தி இந்தச் சபையில் வளர்ந்தவன் என்பதால் உடலை இங்கே கொண்டுவந்திருந்தார்கள். கூட்டம் நிறைந்து, பாட்டுத் தொடங்கிய பிறகு, வேட்டி கட்டிய ஒருவர் படியேறி வந்தார். நெற்றி நிறையத் திருநீறு. கையில் மூடி போட்ட எவர்சில்வர் கிண்ணம். பிள்ளைக்கு வாய்க்கரிசி போடவேண்டும் என்றார். கிளாரன்ஸ் தாழ்ந்த குரலில், மரியாதையாகத்தான் சொன்னார்: "அங்கிள், அதெல்லாம் இங்க செய்ய முடியாது. கிண்ணத்த வெளிய வச்சிட்டு உள்ள வந்து உக்காருங்க." வந்தவர் கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை. பிறகு படியிறங்கி, தெருவைக் கடந்து போய்விட்டார். நீங்கள் யார் என்று கிளாரன்ஸ் கேட்கவில்லை. யாரோ தூரத்து உறவினர் என்று நினைத்துக்கொண்டார். துக்கத்தில் ஒரு சங்கடம் வராமல் தடுத்துவிட்டோம் என்ற திருப்திகூட இருந்தது. வீட்டுக்குப் போகும்போதே அதை மறந்தும் போனார்.

கூட்டம் முடிந்து எல்லாரும் தேநீருக்கு நகர்ந்த பிறகு, பெரியவர் தனியாக வெளியே போவதைப் பார்த்துக் கிளாரன்ஸ் பின்னாலேயே போனார். கார் நிறுத்துமிடத்தில் அவரை எட்டிப் பிடித்தார். என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருக்கவில்லை.

"அன்னிக்கு வாசல்ல நின்னது நான்தான், அங்கிள்."

"தெரியும்."

"மொத நாள்லேருந்தேவா?"

"உங்கட முகத்தை நான் மறக்கேல்லை, தம்பி. நீங்கள் மறந்திட்டீங்கள். சிரிச்சுக்கொண்டு தாளைத் தந்தீங்கள்."

கிளாரன்ஸ் மன்னிப்புக் கேட்டார். பெரியவர் தடுக்கவும் இல்லை, பரவாயில்லை என்று சொல்லவும் இல்லை. கேட்டு முடித்தபின், மாமர நிழலிலிருந்த சிமெண்டுத் திண்டில் உட்கார்ந்து, தன் பக்கத்தைச் சொன்னார். மகள் திமோத்தியைக் கட்டி, ஞானஸ்நானம் பெற்றபோது அவர் அவளோடு பேச்சை நிறுத்தினார். ஒன்பது வருடம். ஊருக்குச் சமயத்தைக் காரணம் சொன்னார். திமோத்தியின் குடும்பம் ஜெஞ்சாரோம் பக்கத்துத் தோட்டத்தில் கூலி வேலை பார்த்தது என்பதும் காரணம்தான், அதை இத்தனை நாள் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை என்றார். மகளின் நோய் முற்றியபோது கூட யாரோ சொல்லித்தான் தெரியும். போகவேண்டும், போகவேண்டும் என்றிருந்துவிட்டு, செத்த பிறகுதான் போனார். மனைவி முன்பே இறந்துவிட்டதால் பிள்ளைக்கு அரிசி போட வீட்டில் வேறு யாரும் இல்லை. மறுவருடம் கொரோனா வந்து எம்சிஓ ஊரடங்கு. அப்புறம் உடம்புக்கு முடியவில்லை. கொஞ்சம் தேறியதும் இங்கே வரத் தொடங்கினார்.

"எங்களை விட்டிட்டு அவள் இஞ்ச என்னத்தைக் கேட்டவள் எண்டு எனக்குத் தெரியாது. அதைத்தான் கேக்க வாறனான்" என்றார்.

அவளை எங்கே அடக்கம் செய்திருக்கிறார்கள் என்பதுகூட அவருக்குத் தெரியாது என்பதைக் கிளாரன்ஸ் அப்போதுதான் அறிந்தார். திமோத்தியிடம் கேட்க அவருக்கு முகமில்லை. திமோத்தியும் அவரைத் தேடி வந்ததில்லை.

அடுத்த சனிக்கிழமை கிளாரன்ஸ் கொம்யூட்டர் புறநகர் ரயிலேறிக் கிள்ளானுக்குப் போனார். திமோத்தி துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். சிந்துஜா இறந்தபின் பிரிக்பீல்ட்ஸ் சபைக்கு வருவதை விட்டுவிட்டான். அவளோடு வாழ்ந்த அதே வீட்டில்தான் இன்னும் இருக்கிறான். கிளாரன்ஸைப் பார்த்ததும் சந்தோஷமாகவே உள்ளே அழைத்து, குடிக்க மைலோ கலக்கிக் கொடுத்தான்.

கிளாரன்ஸ் எதையும் குறைக்காமல் சொன்னார். அந்தப் பெரியவர் வந்தது, கிண்ணம், தான் சொன்ன வார்த்தை, யாரிடமும் சொல்லாமல் விட்டது. திமோத்தி கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பேசியபோது குரல் மிகத் தணிந்திருந்தது.

"கடைசி வாரம் ஆஸ்பத்திரியில கதவையே பாத்துக்கிட்டு கெடந்தா. ஒவ்வொரு தடவையும் நர்சு வரும்போது தலைய தூக்கிப் பாப்பா. சாவுக்காவது வருவாருன்னு நான் நெனச்சேன். பொட்டிய மூடுறதுக்கு முன்னால பத்து நிமிஷம் போதகர நிறுத்தி வச்சேன், தெரியுமா? வரல. பெத்த பொண்ணு பொணத்தக்கூட பாக்க வராத மனுஷன்னு அவர அஞ்சு வருஷமா வெறுத்துட்டேன்."

கிளாரன்ஸுக்கு அந்தப் பத்து நிமிஷம் நினைவிருந்தது. ஏன் தாமதம் என்று அவரே வாசலிலிருந்து எட்டிப் பார்த்திருக்கிறார்.

"நீங்க போங்க, அண்ணே" என்றான் திமோத்தி. "இப்ப போயிடுங்க."

அவர் போய்விட்டார். மறுநாள் ஆராதனைக்கு முன்பு ஏமியிடமும் எல்லாவற்றையும் சொல்லி, இனி வாசலில் நிற்கத் தனக்குத் தகுதியில்லை என்றார். ஏமி அவரைத் தேற்ற முயலவில்லை. சபைக் குழுவின் முன்னும் இதைச் சொல்லவேண்டும், வாசலைப் பற்றி அதன்பிறகு பேசுவோம் என்றார். கிளாரன்ஸ் சொன்னார். சிலர் அன்று அவர் செய்தது சரிதான், சபைக்குள் அந்தச் சடங்கை எப்படி விடுவது என்று வாதாடினார்கள். சரியா தப்பா என்பது அப்புறம், அவர் யார் என்று நான் கேட்டிருக்க வேண்டும் என்பதை மட்டும் கிளாரன்ஸ் திரும்பத் திரும்பச் சொன்னார்.

மூன்று வாரம் கழித்துத் திமோத்தி போன் செய்தான். அவரைக் கூட்டிக்கொண்டு கிள்ளான் கல்லறைத் தோட்டத்துக்கு வாருங்கள் என்றான். அவ்வளவுதான் பேசினான்.

ஃபெடரல் ஹைவேயில் கிளாரன்ஸ் காரோட்ட, சிவகுருநாதன் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். வேட்டி கட்டியிருந்தார். மடியில் அந்தக் கிண்ணம் இருந்தது. கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் திமோத்தி காத்திருந்தான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பெரியவர் ஏதோ சொல்லத் தொடங்கினார். திமோத்தி, முதலில் அவளைப் பாருங்கள் என்று சொல்லி முன்னால் நடந்தான். வழி மேடும் பள்ளமுமாக இருந்த இடத்தில் நின்று, திரும்பி வந்து, அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டான்.

சாம்பல் நிறப் பளிங்குக் கல்லில் சிந்துஜாவின் பெயர் இருந்தது. பெயருக்கு முன்னால் சிவகுருநாதன் என்றும் இருந்தது. அதை விடவேண்டாம் என்று அவளே சொல்லியிருந்தாளாம். பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அதை மறுபடி வாசித்தார். பிறகு, அவளை இறக்கும்போது இங்கே என்ன சொன்னீர்கள் என்று திமோத்தியைக் கேட்டார். மண்ணிலிருந்து எடுக்கப்பட்டது மண்ணுக்குத் திரும்புகிறது, மறுபடி எழுவாள் என்று நம்பி ஒப்படைக்கிறோம் என்று போதகர் சொன்னதைத் திமோத்தி தன் வார்த்தைகளில் சொன்னான். பெரியவர் தலையசைத்தார்.

"சரி. இப்ப நான் குடுக்கட்டே?"

"குடுங்க மாமா."

அவர் சிரமப்பட்டு மண்டியிட்டார். கல்லின் தலைமாட்டில், மண் தெரிந்த இடத்தில், மூன்று முறை அரிசியை இட்டார். நான்காவது முறை கை கிண்ணத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. அப்போதுதான் அவர் அழுதார், சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. திமோத்தி பக்கத்தில் மண்டியிட்டு, அந்தக் கிண்ணத்திலிருந்தே எடுத்துத் தானும் போட்டான்.

கிளாரன்ஸ் பத்தடி தள்ளி நின்றார். அது தன் இடமல்ல என்று அவருக்குத் தோன்றியது. பெரியவர் திமோத்தியின் தோளைப் பிடித்து எழுந்து, திரும்பிப் பார்த்து, கிண்ணத்தை அவர் பக்கமாக நீட்டினார். கிளாரன்ஸ் திமோத்தியைப் பார்த்தார். திமோத்தி வேறு பக்கம் பார்த்துக்கொண்டான். வேண்டாம் என்று சொல்லவில்லை. கிளாரன்ஸ் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, குனிந்து ஒரு பிடி போட்டார். தன் மனதுக்குள் தனக்குத் தெரிந்த ஜெபத்தையும் சொன்னார்.

இது நடந்து ஏழு மாதமாகிறது. சிவகுருநாதன் ஞானஸ்நானம் கேட்கவில்லை. யாரும் அவரிடம் கேட்பதும் இல்லை. கார்த்திகையில் சிந்துஜாவின் திதிக்குப் பங்சார் வீட்டில் ஐயரை வைத்துச் செய்தார். திமோத்தி போனான். இலை போடவும் பரிமாறவும் ஆள் வேண்டும் என்று போதகர் ஏமியும் பாக்கியம் அக்காவும் போனார்கள். மாதம் ஒருமுறை மாமனாரை டாக்டரிடம் அழைத்துப் போவது திமோத்தியின் வேலையாகிவிட்டது. அவன் கிளாரன்ஸோடு மட்டும் இன்னும் அதிகம் பேசுவதில்லை. பார்த்தால் தலையசைப்பான்.

கிளாரன்ஸ் நான்கு மாதம் வாசலுக்குப் போகாமல், உள்ளே சிவகுருநாதனின் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். குழு கேட்டுக்கொண்டபின் மறுபடி நிற்கிறார். அடக்க ஆராதனை என்றால் கூட்டம் தொடங்குமுன் வெளியே போய், மரத்தடியிலும் எதிர்ச்சாரியிலும் தயங்கி நிற்பவர்களிடம் ஒவ்வொருவராகப் போகிறார். இறந்தவருக்கு நீங்கள் என்ன உறவு என்று கேட்கிறார். பதில் வரும்வரை காத்திருக்கிறார்.