சென்சாருக்கு வைத்த சந்தனம்

உச்சிப்புளிப் பக்கம் முண்டு மிளகாய் காயவைத்து அரைக்கிற சின்ன ஆலை சேதுலட்சுமியுடையது. கருவேல விறகை விட்டுவிட்டு, சூரிய மின்சாரத்தில் ஓடி, ஈரம் போனதும் தானே நிற்கிற உலர்த்தியை வாங்கினவன் அவள் புருசன். ஓட்டிப் பார்க்குமுன்னே மாரடைப்பில் போய்விட்டான் பாவம். அன்றிலிருந்து அவளுக்கு அழுகையும் வரவில்லை, பசியும் தெரியவில்லை.

ஆயுத பூசை முடிந்த மறுநாள் உலர்த்தியை முதல்முதலாக ஓட்டினார்கள். சூடு ஏறியதே தவிர, அது நிற்கவில்லை. கதவைத் திறந்தால் மிளகாய் அத்தனையும் கருகல். நெடியில் எல்லாரும் இருமினார்கள்.

"தூக்கிப் போடுங்க மதினி, நமக்கு விறகே போதும்" என்றான் கொழுந்தன் வீரபத்திரன்.

சேதுலட்சுமி உள்ளே கைவிட்டுத் துழாவினாள். ஈரம் பார்க்கிற சென்சார் முழுக்கச் சந்தனம் அப்பியிருந்தது.

"யாரு கொழுந்தனாரே பூசுனது?"

"அண்ணன் வாங்குனதாச்சேன்னு நாந்தான் தாராளமா வச்சேன்."

"மூக்கை அடைச்சா அது எப்பிடி ஈரத்தை மோந்து பாக்கும்?" என்று சிரித்தாள் வேலைக்கு வரும் பூமயில். சேதுலட்சுமியின் கண்ணில் நீர் கோத்திருந்ததைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். "அழுதுருங்கக்கா."

"மிளகா நெடிடி."

நெடிதான். மனசுக்குள்ளே ஒன்றுமில்லை.

சென்சாரைத் துடைத்தாள். துடைத்த சந்தனத்தை உலர்த்தியின் காலில் பொட்டாக வைத்து, வேறு மிளகாய் கொட்டி ஓடவிட்டாள். சாயங்காலம் அது தானாக நின்றது. ஒரு வற்றலைக் காதோரம் குலுக்கினாள். நன்றாகக் காய்ந்து விதை கலகலத்தது.

"விறகு வேணாம்" என்றாள்.

பூமயில் சோற்றுத்தட்டை நீட்டினாள். பசிக்கவில்லைதான். இருந்தும் வாங்கிக்கொண்டாள்.