ஆணியில் தொங்கிய சட்டை

மேசைக்கு முன்னால் நின்று அவள் தேய்த்துக்கொண்டிருந்தாள். கடை திறந்ததிலிருந்தே நின்றுகொண்டுதான் இருந்தாள். அந்த இஸ்திரிக் கடையில் இருந்தது ஒரே நாற்காலி. அதில் முதலாளி இருந்தார். "உக்காந்து தேய்ச்சா மடிப்பு கோணிக்கும்" என்பது அவருடைய கட்சி. அவர் நின்றும் தேய்த்தவரில்லை, உட்கார்ந்தும் தேய்த்தவரில்லை.

வாசலில் கம்பி போட்டுக் கட்டிய மரப்பலகை ஒன்று தொங்கியது: 'வேலைக்கு ஆள் தேவை'. ஆள் வந்தாலும் அதை அவர் கழற்றுவதில்லை. வந்தவர்களும் நிலைத்ததில்லை. ஒருவன் காலரைக் கருக்கினான். ஒருத்தி கால்வலி என்று மறுநாளே நின்றுவிட்டாள். பெயரை நினைவு வைத்துக்கொள்வதே தண்டம் என்று எல்லோரையும் அவர் 'புதுசு' என்றே கூப்பிட்டார்.

"ஒரு வாரம் பாக்கிறேன் புதுசு. சனிக்கிழமை சாயங்காலம் இருக்கியா போறியான்னு சொல்றேன்" என்று இவளிடமும் சொல்லியிருந்தார்.

அன்று சனிக்கிழமை. வேலை பார்த்த தையல் கம்பெனியை மூடிய பிறகு அவளும் மகளும் அக்கா வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். பின்தெருவில் ஓர் அறை பார்த்து வைத்திருந்தாள். வேலை நிச்சயமானால்தான் சாவி என்று வீட்டுக்காரம்மா கறாராகச் சொல்லிவிட்டாள். அதனால் அவள் கை பறந்தது. கண்ணில் பட்டதையெல்லாம் தேய்த்தாள், மடித்தாள், மூட்டை கட்டினாள்.

"என் சட்டை எங்கே?" என்றார் முதலாளி.

இஸ்திரிப் பெட்டியின் சூடு தாங்காமல் காலையிலேயே சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் பனியனோடு உட்கார்ந்திருந்தவர், டீ குடிக்கப் போகலாம் என்று எழுந்திருந்தார். ஆணி காலியாக இருந்தது.

"கடைக்குள்ளேயே வந்து எவனோ தூக்கிட்டுப் போயிருக்கான் பாரு! விளங்குவானா அவன்?"

அவள் ஆணியைப் பார்த்தாள். ஆணியில் தொங்கியதைத் தேய்க்க வந்த துணி என்று எடுத்தது அவள்தான். மூன்றாவது பொத்தானை மட்டும் யாரோ நீல நூலில் தைத்திருந்தார்கள். தையல்காரி கண்ணுக்கு அது தப்பவில்லை. எந்த மூட்டையில் வைத்துக் கட்டினோம் என்பதுதான் நினைவில்லை. வாயைத் திறந்தால் வேலை போச்சு. அவள் அடுத்த துணியை இழுத்துப் போட்டுத் தேய்த்தாள்.

"அண்ணே! யாரு தேய்ச்சது இத?" என்று போட்டிருந்த சட்டையைக் காட்டிக் கேட்டுக்கொண்டே பள்ளிக்கூட வேன் டிரைவர் உள்ளே வந்தார். காலையில் மூட்டையை வாங்கிப் போனவர். "லைசென்ஸுக்குப் போட்டோ எடுக்கப் போனேன். புது மாப்பிள்ளையான்னு கேக்கிறாரு போட்டோக்காரரு! இனிமே என் துணியெல்லாம் இந்தக் கைதான் தேய்க்கணும், சொல்லிட்டேன்."

முதலாளி பனியனை இழுத்துவிட்டுக்கொண்டு டிரைவரைச் சுற்றி வந்தார். காலரைத் தொட்டார். கை மடிப்பைத் தடவிப் பார்த்தார்.

"சட்டைன்னா இது சட்டை. எங்கய்யா எடுத்தே? எனக்கும் ஒண்ணு எடுக்கணும்."

"அதுதான் எனக்கும் தெரியல. வீட்டுக்காரி எடுத்து வச்சிருப்பா."

மூன்றாவது பொத்தானில் நீல நூல். பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அறைச் சாவியும் கைக்கு வந்துவிடும். ஆனால் இந்த மனுஷர் தன் சட்டையையே தேடிக் கடை கடையாக ஏறி இறங்குவார் என்று நினைத்தபோது அவளுக்கு மனசு கேட்கவில்லை, சிரிப்பும் அடங்கவில்லை.

"அண்ணே, அது உங்க சட்டைதான். நான்தான் தெரியாம தேய்ச்சு அவரு மூட்டையில வச்சிட்டேன்."

முதலாளி குனிந்து பொத்தானைப் பார்த்தார். அது அவர் மனைவி தைத்த பொத்தான்.  பிறகு அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது.

"அப்போ இவன் லைசென்ஸ்ல இருக்கப்போறது என் சட்டையா!"

மூவரும் சிரித்தார்கள். டிரைவர் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பனியனோடு வேனில் இருந்த மூட்டையைப் பிரிக்க ஓடினார். முதலாளி தன் சட்டையைப் போட்டுக்கொண்டு சுவர்க் கண்ணாடி முன் நின்றார்.

"இஸ்திரிக் கடை வச்சவன் சட்டையில பெட்டி பட்டதே இல்ல. எவனுக்கும் தோணல." இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்துக்கொண்டார். "போ, அந்தப் பலகையைக் கழட்டு."

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வாசலுக்குப் போய்க் கம்பியைப் பிரித்தாள்.

"தூக்கிப் போட்டுடவா அண்ணே?"

"சேச்சே! உள்ளே வை. எப்ப வேணா தேவைப்படும்."

டீக்கடை எதிர்ப்புறம்தான். புதுச் சட்டைக்காரரான முதலாளி தெருவெல்லாம் சுற்றிக்கொண்டு டீ குடிக்கப் போனார்.

மூலையில் கிடந்த ஓட்டை வாளியை அவள் கவிழ்த்தாள். அதன்மேல் பலகையை வைத்து மெல்ல உட்கார்ந்தாள். பாதம் இரண்டும் வீங்கிச் செருப்பின் வார் பதிந்திருந்தது. போனை எடுத்தாள்.

"அக்கா, கிடைச்சிடுச்சு! வீட்டுக்காரம்மாகிட்ட சொல்லிடு. சாவியை வாங்கி வை."

"நிஜமாவா? நீ எங்கேருந்துடி பேசறே?"

"கடையிலேருந்துதான். உக்காந்துகிட்டு பேசறேன்க்கா, உக்காந்துகிட்டு!"

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அக்கா சிரித்து முடிப்பதற்குள் அவள் எழுந்து நின்றிருந்தாள். கையில் இஸ்திரிப் பெட்டி இருந்தது.