பெட்டிமேல் குஞ்சு

இசித்ரோ மாமா கோழிக்குஞ்சைக் கொண்டுவந்து சவப்பெட்டியின் கண்ணாடிமேல் விட்டார். அது வழுக்கி விழுந்து எழுந்தது. அதன் முன்னால் ஒரு பிடி அரிசியைத் தூவினார். கண்ணாடிக்குக் கீழே எல்மர் படுத்திருந்தான். மண்டைப் பிளவை மறைக்க, உயிரோடிருந்தபோது அவன் போட்டே அறியாத தொப்பி ஒன்றை மாட்டிவிட்டிருந்தார்கள்.

“கொத்து. நல்லா கொத்து,” என்றார் மாமா. “கொன்னவன் எந்தப் பொந்துல இருந்தாலும் அவன் நெஞ்சுல போய்க் கொத்தணும்.”

துமகேத்தே ஊர் வழக்கப்படி, கொலையுண்டவன் பெட்டிமேல் குஞ்சு நிற்கும். கொன்றவன் சிக்கும்வரை அதை எடுக்க மாட்டார்கள். டொக், டொக் என்று அது கொத்தக் கொத்த, எல்மரின் தங்கை ரொவேனா கண்ணாடியிலிருந்து பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

அண்ணனும் தங்கையுமாக ஒரு கணினி விளையாட்டுக் கடை நடத்தினார்கள். இருபது கணினிகள். முன்னால் எல்மர், பலகைத் தடுப்புக்குப் பின்னால் ரொவேனா. பையன்கள் வாரம் முழுக்க ஏற்றிவைக்கும் குப்பையை அழிக்க, ஒரு சுத்தமான நகலை வலையமைப்பு வழியாக இருபதிலும் அவள் ஊற்றுவாள். புதிதாக வாங்கிய நான்கு கணினிகளின் வலை அட்டையைப் கணினியை இயக்கும் கருநிரலான பழைய கெர்னலுக்கு அடையாளம் தெரியவில்லை. மூன்று வாரமாக அவளே லினக்ஸ் கெர்னலைக் கட்டினாள். வேண்டியதைச் சேர்த்து, வேண்டாததைக் கழித்து, ஒரே சிறு கோப்பாகச் சுருக்கி ஏற்றினால், ஒவ்வொரு தடவையும் கறுப்புத் திரையோடு செத்துப்போகும்.

“உன் புள்ள இன்னைக்காவது கண்ணு முழிச்சுதா, டாக்டரம்மா?” என்று எல்மர் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து கேலி செய்வான்.

சனிக்கிழமை மதியம், முன்னால் இறுதிப் போட்டி நடந்துகொண்டிருந்தது. பதினோராவது கெர்னல் தயார். ஆளில்லாத பதினேழாம் எண் கணினிக்கு மட்டும் ஆணை அனுப்ப வேண்டும். ஆளில்லாதவை முதலில் வரும் பட்டியலில், ‘எல்லாம்’ என்ற வரி அதற்கு நேர் மேலே இருந்தது. ‘ஆள் உட்கார்ந்திருந்தாலும் மறுபடி தொடங்கு’ என்ற குறியையும் எடுக்க மறந்திருந்தாள். கை தவறி மேல் வரியைத் தட்டிவிட்டாள்.

திரையில் இருபது வரிகள் எழுந்தன. இருபதும் கெர்னலை வாங்கிக்கொண்டன; புதிய நான்கும் உயிரோடு வந்தன. ஒரு நொடி அவளுக்கு சந்தோஷம் தாங்கவில்லை, கையைக்கூடத் தட்டினாள். அந்த ஒரு நொடியை அவளால் இனி எந்த ஜென்மத்திலும் மன்னிக்க முடியாது.

தடுப்புக்கு வெளியே ஆட்டம் பாதியில் அறுந்து, நாற்காலிகள் உருண்டன.

“எவன்டா பண்ணது?” போட்டியில் ஆடிக்கொண்டிருந்த ஜெரிக்கின் குரல். ஜெயிக்க இரண்டே நிமிடம் இருந்தது அவனுக்கு.

ரொவேனா தடுப்புக் கதவின் தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

“நான்தான் தம்பி. கவனிக்காம தட்டிட்டேன், மன்னிச்சுக்க,” என்றது எல்மரின் குரல், கதவை ஒட்டி. அவன் முதுகு கதவில் சாய்ந்திருந்தது. அவள் தள்ளினாள், திறக்கவில்லை. இரும்பு முக்காலியின் முதல் அடியில் பலகை அதிர்ந்தது. மூன்றாவது அடிக்குப் பிறகு கதவிடுக்கு வழியாக ரத்தம் உள்ளே வந்தது.

“போட்டி நடக்கையில போய் மெஷின அணைப்பானா? இவன் புத்திதான் இவனைக் கொன்னுச்சு,” என்றான் இப்போது சாவு வீட்டில் சீட்டாடிக்கொண்டிருந்த ஒருவன். காபி கொண்டுவந்த அம்மா அதைக் காதில் வாங்கிக்கொண்டே போனாள். அடுப்படியில் ரொவேனாவின் கையைப் பிடித்தாள்.

“எல்மருக்கு பட்டனைத் தட்டினா வெளிச்சம் வரும், அதுக்கு மேல ஒண்ணும் தெரியாதேடி. அவன் எப்படி இருபதையும் அணைச்சான்?”

“தெரியலம்மா.”

அம்மா கையை விட்டுவிட்டாள்.

படகுக் கொட்டகையில் ஜெரிக் ஒளிந்திருப்பதாகத் தகவல் வந்தது. மாமா வெட்டுக்கத்தியைக் கல்லில் தீட்டினார். ரொவேனா வேலிப் படலைவரை பின்னால் ஓடினாள்.

“போகாதீங்க மாமா. தப்பு அவன் மேல மட்டும்…”

மாமா நின்று திரும்பினார். கண் இரண்டும் ரத்தமாய்ச் சிவந்திருந்தன. கத்தி அவள் இடுப்புக்கு நேராக இருந்தது.

“மட்டும்? என்ன மட்டும்? சொல்லு.”

சொல்லியிருக்கலாம். அவள் கத்தியைப் பார்த்தாள்.

“போலீஸ் பாத்துக்கும் மாமா.”

“கிழிச்சாங்க!” காறித் துப்பிவிட்டுப் போனார்.

வெயில் தாழ்வதற்குள் திரும்பிவந்தார். சட்டை முன்பக்கம் முழுக்க நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. தொட்டி ஓரம் குந்தி, கத்தியைக் கழுவினார். சீட்டாட்டம் நின்றது.

“முடிஞ்சுது,” என்றார். “கையை வெட்டினேன், அப்பவும் அதையேதான் சொன்னான். ‘எல்மரே நான்தான் பண்ணேன்னு சொன்னாரு, அவர்தான் சொன்னாரு’ன்னு. கழுத்தை வெட்டினப்புறந்தான் வாயை மூடினான்.” தண்ணீரை உதறிவிட்டு நிமிர்ந்தார். “குஞ்சை எடுத்துரு, ரொவேனா. அதுக்கு இனிமே வேலை இல்ல.”

அவள் பெட்டியருகே போனாள். அரிசி தீர்ந்து, குஞ்சு எல்மரின் முகத்துக்கு மேலே தூங்கி வழிந்துகொண்டிருந்தது. இரு கையாலும் எடுத்தாள். சூடாக இருந்தது. தன் நெஞ்சோடு ஒட்டி வைத்திருந்துவிட்டு, மறுபடி கண்ணாடிமேலேயே இறக்கிவிட்டாள்.

அரிசிக் கிண்ணத்திலிருந்து இன்னொரு பிடி அள்ளித் தூவினாள். அடுப்படி வாசலில் காபிப் பாத்திரத்தோடு நின்ற அம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.