பத்து நாள் அவகாசம்

செவ்வாய்க்கிழமை காலை டோஸ்ட்டில் வெஜிமைட் தடவிக்கொண்டே மின்னஞ்சலைத் திறந்தேன். நைரி எழுதியிருந்தாள். எங்கள் ஹோபார்ட் ஊர் லினக்ஸ் ஆர்வலர் கூட்டத்துக்கு ஒரு வருடமாக வருகிற பெண். லினக்ஸ் பயனர்களுக்காக நான் பதினொரு வருடமாகப் பராமரிக்கும் மென்பொருள் பேக்கேஜில் இருந்த பிழையைச் சரிசெய்து, பத்து நாள் கழித்துத் தானாக வெளியாகும் தாமத வரிசையில் ஏற்றிவிட்டாளாம். எனக்கு ஆட்சேபம் இருந்தால் எடுத்துவிடுகிறாளாம். அடுத்தவர் பேக்கேஜைத் தொட்டால் அப்படி அவகாசம் கொடுப்பது எங்கள் வழக்கம். மரியாதைதான். எனக்கு வயிறு எரிந்தது.

பெரிய மென்பொருள்கூட இல்லை. கணினி சும்மா இருக்கும்போது பிராசசரின் வேகத்தையும் மின்னழுத்தத்தையும் குறைத்துச் சூடு ஏறாமல் பார்த்துக்கொள்ளும், பின்னணியில் ஓடும் சின்ன நிரல். கணினி தூங்கி எழுந்தால் அது வேலை செய்வதில்லை என்று எட்டு மாதமாகப் புகார். பார்க்கலாம் என்று விட்டிருந்தேன். அவள் பன்னிரண்டு வரியில் முடித்துவிட்டாள். கீழே பயனர்கள் வரிசையாக நன்றி சொல்லியிருந்தார்கள். எனக்கு ஒருவர்கூட அப்படிச் சொன்னதில்லை.

"எட்டு மாசமா ஏறெடுத்தும் பாக்கல. இன்னொருத்தி கை வெச்சதும் கோவம் பொத்துக்கிட்டு வருதாக்கும்," என்றாள் என் மனைவி ஜோன்.

நைரியின் திருத்தத்தில் குற்றம் தேட ஆரம்பித்தேன். காற்புள்ளியைக்கூட விடவில்லை. ஒன்பதாம் நாள் பழைய லேப்டாப்பில் நிறுவி, மூடியை மூடி மூடித் திறந்தேன். ஐந்தாவது முறை திரை உறைந்துபோனது. கணினி எழும்போதெல்லாம் நிரலில் இருந்த ஒரு வரி மின்னழுத்தத்தை இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று குறைத்துக்கொண்டே போயிருக்கிறது. எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. வாயை மூடிக்கொண்டிருப்போம், நாளைக்கு இது வெளியே போகட்டும், ஊரே அவளைக் காய்ச்சி எடுக்கட்டும் என்றுகூட நினைத்தேன். ஆனால் அவள் குரல் இறங்குவதை என் காதால் கேட்க வேண்டும் போலிருந்தது. போன் செய்து விவரத்தைச் சொல்லி, அந்த வரியை எப்படிக் கவனிக்காமல் விட்டாய் என்று கேட்டேன்.

அவள் பழைய பதிவுகளைத் தேடித் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது.

"கவனிச்சேன், கிளைவ். அது ஏழு வருஷத்துக்கு முன்னாடி நீங்க போட்டது. தூங்கி எழுந்தா நிரல் ஆரம்பத்துலேர்ந்தே ஓடினதில்ல, யாரோ கவனிச்சதுதான் எட்டு மாசம் முன்னாடி; அதனால இத்தன நாளா வெளிய தெரியல போலிருக்கு. எனக்கும் இடிச்சுது. ஆனா நீங்க போட்டிருந்தா காரணம் இல்லாம இருக்காதுன்னு கை வைக்கல."

அந்த வரியைத் திரையில் தேடினேன்; பக்கத்தில் என் பெயர்தான் இருந்தது, காரணம் எதுவும் எழுதியிருக்கவில்லை.

"சொல்லுங்க, என்ன காரணம்?" என்றாள். மறுமுனையில் பேனா மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது. குறித்துக்கொள்ளக் காத்திருந்தாள்.