மாப்பிள்ளை பிடித்த அளவுகோல்

என் மூக்குக்கண்ணாடி மேல் மாப்பிள்ளை உட்கார்ந்துவிட்டார். அதற்கு அவரால் என்னிடம் நேரில் மன்னிப்புக் கேட்கக்கூட முடியவில்லை. எங்கள் வழக்கத்தில் மாமியாரும் மருமகனும் முகம் பார்த்துப் பேசுவது கிடையாது. அவர் வாசலுக்கு வெளியே நின்று என் மகள் நஜ்ஜெம்பாவிடம் சொன்னார், அவள் திரும்பி என்னிடம் சொன்னாள். எல்லாம் ஒருவர் பேச்சு ஒருவர் காதில் விழுகிற தூரம்தான்.

மகளுக்கு வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்திருந்தார்கள். பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று என் ஊர் மிட்யானாவிலிருந்து இவர்கள் இருக்கும் நன்சானாவுக்கு வந்திருந்தேன். மாப்பிள்ளை வீட்டில் மாமியார் படுக்கக் கூடாது, அதனால் பின்பக்கம் எனக்கும் மகளுக்கும் ஒரு வாடகை அறை. குழந்தை ராத்திரியும் அழும், பகலும் அழும். துணி துவைத்து, மதோக்கே வாழைக்காய் அவித்து, மகளைக் குளிப்பாட்டி, என் இடுப்பு விட்டுப்போயிருந்தது. இதில் கண்ணாடியும் போயிற்று. நான் நர்ஸ். ஊசியில் கோடு தெரியாமல் நான் யாருக்கு மருந்து போடுவது?

கண் பார்த்த கடையில் பவரை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். போனில் ஆர்டர் போட்டால் மலிவு என்றாள் மகள். போட்டால் அது இன்னொரு எண்ணைக் கேட்டது. இரண்டு கண்மணிக்கும் இடையில் எத்தனை மில்லிமீட்டர்? கடைச் சீட்டில் அது இல்லை. முகம் பார்க்கும் கண்ணாடி முன் நின்று, புருவத்துக்குக் கீழே அளவுகோலை வைத்து நீங்களே அளந்துகொள்ளலாம் என்று படம் போட்டிருந்தது. அளவுகோலின் கோடு தெரிகிற கண் இருந்தால் நான் எதற்கு ஆர்டர் போடுகிறேன்? படம் போட்ட புத்திசாலிக்கு அது தோன்றவில்லை.

மகள் படுத்தபடியே அளந்து பார்த்தாள். ஒரு தடவை ஐம்பத்தெட்டு வந்தது, அடுத்த தடவை அறுபத்தாறு. மூன்றாவது தடவை அளவுகோல் என் மூக்கின் மேல் இருக்க, அவள் தூங்கிப்போனாள்.

"நஜ்ஜெம்பா, அம்மாகிட்ட சொல்லு, நான் அளக்குறேன்னு," என்றது வாசல் பக்கமிருந்து ஒரு குரல். மாப்பிள்ளை பெயர் லுப்வாமா, கம்பாலா நகரில் போன் ரிப்பேர் பார்க்கிறவர். முடியைவிட மெல்லிய கம்பியைப் பற்றவைக்கிற கையும் கண்ணும் அவருக்கு.

மகள் விழித்துக்கொண்டாள். "ஒண்ணும் வேணாம். உங்க கைதான் இந்த வீட்டுச் சாப்பாடு. எங்க அப்பா கதை தெரியும்ல?"

"தெரியும். உடைச்சது நான்தானே."

மாமியாரைத் தொட்டவனுக்குக் கை நடுங்கும் என்பார்கள் எங்கள் பக்கம். என் அம்மா குளிக்கிற இடத்தில் விழுந்தபோது வேறு ஆளில்லை. என் கணவர் முகீபிதான் அவளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார். அம்மா பிழைத்துவிட்டாள். சில வருஷம் கழித்து அவருக்குக் கை ஆடத் தொடங்கியது. அது நடுக்கவாதம் என்று எனக்குத் தெரியும், மாத்திரை எடுத்துக் கொடுத்ததே நான்தான். ஆனால் அவரை அடக்கம் செய்த அன்று குலத்துப் பெரியவர் ஒருவர், மாமியாரைத் தொட்டதால் வந்த வினை என்று ஊர் முன்னால் பேசினார். நான் மறுத்துப் பேச எழுந்தேன், என்னை உட்காரச் சொல்லிவிட்டார்கள். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. கூடவே ஒரு பயமும் ஒட்டிக்கொண்டது. நர்ஸ் என்று சொல்லிக்கொள்ளவே வெட்கமாக இருக்கும், ஆனால் பயம் போகாது.

"வரச் சொல்லு," என்றேன். எனக்கு அலுத்துப்போயிருந்தது.

என் எதிரில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். நான் அவரைப் பார்க்க வேண்டியதில்லை, அவர் தோளுக்கு மேலே, வாசல் வழியே, தூரத்துப் பலாமரத்தைப் பார்த்தால் போதும். அவர்தான் என் கண்ணுக்குள் பார்க்க வேண்டும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு அளவுகோலை வைத்தார். அவருடைய விரல் என் நெற்றியில் பட்டது. அளவுகோல் நடுங்கியது.

மூவருக்கும் அது தெரிந்தது. மகள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"கடைசியா எப்போ தூங்கினீங்க மாப்பிள்ளை?" நேராக அவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி.

"ஞாபகமில்லம்மா."

"சாப்பாடு?"

"காலையில டீ."

"தட்டுல மதோக்கே இருக்கு. சாப்பிட்டுப் போய்ப் படுங்க. அப்புறம் அளக்கலாம்."

குழந்தையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தேன். அவர் தூங்கி எழும்வரை அதைத் தோளில் போட்டு நடந்துகொண்டே இருந்தேன். அளவு தப்பினால் வேறு கண்ணாடி வாங்கலாம். அந்தக் கை போனால் என் மகளும் இந்தக் குழந்தையும் எங்கே போவார்கள்? பேசாமல் வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

வெயில் தாழ்ந்தபின் அவரே கையைக் கழுவிக்கொண்டு முற்றத்துக்கு வந்து, முக்காலியை இழுத்துப் போட்டார். நான் மரத்தைப் பார்த்தேன். அளவுகோல் அசையவில்லை.

"அறுபத்தொண்ணு," என்றார். எடுத்துவிட்டு மறுபடியும் வைத்தார். "அறுபத்தொண்ணேதான்."

பிறகு, மகள் காதில் விழாதபடி மெதுவாகக் கேட்டார். "அந்த நடுக்கம் உடனே வராதாமேம்மா. வருஷக்கணக்கு ஆகுமாமே?"

சிரித்துத் தட்டிவிட்டிருக்கலாம். அவர் கேட்ட விதத்தில் சிரிப்பு வரவில்லை. மரத்தை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். என் கண்ணுக்கு அது மங்கலாகத்தான் தெரிந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்துப்போன, பயந்த ஒரு பையனின் முகம்.

"வந்தா அது நோய், மாப்பிள்ளை. உங்க மாமனாருக்கு வந்ததும் நோய்தான். நல்ல மனுஷன், கிழவியைத் தூக்கிட்டு ஓடினார், அவ்வளவுதான் அவர் செஞ்சது. உங்களுக்கு வந்தா மாத்திரை இருக்கு, நான் இருக்கேன். எந்தப் பெரியவர் என்னை உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டேன்."

அவர் அளவுகோலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, நான் அடங்கும்வரை காத்திருந்தார்.

"மூணாவது தடவையும் அளக்கணுமாம்," என்றார். "கண்ணைத் துடைச்சுக்கங்கம்மா."