கன்னியம்மாவுக்கு இரண்டு முகவரி

மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் இருளர்கள் கூடினால் எறும்பு ஊரக்கூட இடமிருக்காது. அந்தக் கூட்டத்தைக் கண்டு கடலே மிரண்டு பின்வாங்கும் என்று அளக்க ஆசைதான். முடியவில்லை. கடல் வருஷா வருஷம் முன்னால்தான் வந்துகொண்டிருந்தது. போன மாசியில் எல்லம்மாள் கூடாரம் போட்ட இடத்தில் இப்போது மீன் நீந்திற்று.

எல்லம்மாளுக்கு வந்திருந்த சங்கடம் அந்தக் கடலிலும் கொள்ளாது. படாளத்துக்கு மேற்கே ஓணான்குன்று என்று ஒன்று உண்டு. அதை மலை என்று சொன்னால் இமயமலை மானநஷ்ட வழக்குப் போட்டுவிடும். அதன் அடிவாரத்தில்தான் அவர்களுடைய குடிசைகள். விறகு, வேர், தேன், ஈசல் எல்லாம் அந்தக் குன்று கொடுத்ததுதான். இப்போது குன்றின் தலையில் அணை கட்ட ஒரு நிறுவனம் வந்திருந்தது. பகல் வெயிலில் கிடைக்கிற கரண்டால் அடிவாரத்து ஏரித் தண்ணீரை மேலே ஏற்றிவைத்து, இருட்டியதும் கீழே திறந்துவிட்டு மறுபடி கரண்டு எடுப்பார்களாம். நிலக்கரி எரிக்க வேண்டாம். ஆனால் அடிவாரத்தில் இயந்திரக் கூடம் வரும், குடிசைகள் கூடாது. அதற்குப் பதிலாகப் படாளம் கூட்டுரோட்டில் காங்கிரீட் வீடுகள் கட்டி வைத்திருந்தார்கள்.

குன்றை விடுவதா வேண்டாமா என்பதைக் குலதெய்வமான கன்னியம்மா முன்னாலேயே சொல்லிவிட ஊர் முடிவு செய்தது. கோபித்துக்கொண்டு கடலுக்குள் போய்விட்ட அவளை மாசி மகத்தன்று அழைத்து வருவது வழக்கம். அவள் எல்லம்மாள் மேல்தான் அருளாக இறங்குவாள். எங்கே கூட்டிப் போகிறீர்கள் என்று கேட்பாள். ஊரே ஒரே குரலில் இடத்தைச் சொல்லும். உடனே ஒரு குடம் கடல்நீரில் ஏறிக்கொண்டு புறப்பட்டுவிடுவாள். இந்தத் தடவை ஊர் சொல்லும் இடம்தான் நிறுவனத்துக்கும் பதில்.

விஷயம் எப்படியோ தெரிந்து, நிறுவனத்து அதிகாரி ஷ்யாம் முந்தின சாயங்காலமே வந்து மணலில் உட்கார்ந்துவிட்டார். ஊருக்கென்று அவர் காரிலிருந்து இறக்கிய தண்ணீர் பாட்டில்களை அடுக்கினால் கலங்கரை விளக்கமே அண்ணாந்து பார்க்கும். ஆனால் ஆள் புளுகர் இல்லை. பேஜாரே அதுதான்.

“ஏமாத்த வரலைம்மா,” என்றார். “கரி எரிச்சுக்கிட்டே இருந்தா கடல் இன்னும் ஏறும். அப்புறம் உங்க சாமிக்குப் படி கட்ட இங்க மணலே இருக்காது. ஒரு குன்னு போவுது, இல்லேங்கலை. ஆனா கரை நிக்கும்.”

“ஒங்க ஒரு அணைக்குக் கடலு நின்னுடுமா சார்?”

ஷ்யாம் உதட்டைப் பிதுக்கினார். “ஒண்ணுல நிக்காது. ஆயிரம் வேணும்.”

“அப்ப ஆயிரம் குன்னுல எங்கள மாரி ஜனம் கீதுன்னு சொல்லு.”

அவர் ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்து அவளிடம் நீட்டினார்.

எல்லம்மாளின் தம்பி ஜெகதீசன் ஊரப்பாக்கம் பக்கம் மொட்டைமாடிகளில் சூரியத் தகடு மாட்டுகிறவன். அவன் கட்சியே வேறு. “எக்கா, போன மழைக்கு இடுப்பளவு தண்ணில பாம்போட படுத்துகினு இருந்தோம். பாம்பு புடிக்கிற ஜனமாச்சேன்னு அதுவே பாவப்பட்டு எறங்கிப் போச்சு. எனக்குக் காங்கிரீட் வூடு வோணும்.”

அவனும் பொய் சொல்லவில்லை. பொய் சொல்கிறவர் ஒருத்தராவது அகப்பட்டிருந்தால், எல்லம்மாள் அவரைத் திட்டித் தீர்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பாள்.

விடியலில் மணலில் ஏழு படி கட்டிப் பூ வைத்தார்கள். கன்னியம்மா வந்தாள். எல்லம்மாள் உடம்பு உதறிய உதறலில் கல்பாக்கத்து ஜன்னல் கண்ணாடியெல்லாம் கிடுகிடுத்திருக்கும்.

“எங்கடா கூட்டிகினு போறீங்க என்னிய?”

“ஓணான்குன்னுக்கு, தாயி,” என்றது பாதி ஊர்.

“கூட்டுரோட்டுக்கு,” என்றது மறுபாதி. அதில் முந்திக்கொண்டது ஜெகதீசன் குரல்.

இரண்டு பதில் அதுவரை வந்ததே இல்லை. உதறல் பாதியில் நின்றது. உள்ளே இருந்தவள் போய்விட்டாளா, இருக்கிறாளா என்று எல்லம்மாளுக்கே தெரியவில்லை. ஓர் அலை வந்தது, பெரியதுகூட இல்லை, கீழ்ப்படிகளைக் கரைத்துக்கொண்டு போனது. யாரும் திரும்பக் கட்டவில்லை.

பாதி ஊர் ஒப்புக்கொண்டது என்று ஷ்யாம் போனில் சொன்னார். அது போதும், வேலையை ஆரம்பிக்கலாம் என்று அந்தப் பக்கம் சொன்னது எல்லம்மாள் வரைக்கும் கேட்டது. அவர் அவளைப் பார்க்காமல் காருக்கு நடந்தார்.

வழக்கத்தை விடாமல் அவள் குடத்தில் கடல்நீர் மொண்டுகொண்டாள். செங்கல்பட்டில் மாறி ஏறிய பஸ்ஸில் ஊர் இரண்டாகப் பிரிந்து முன்னாலும் பின்னாலும் உட்கார்ந்தது. கண்டக்டர் எங்கே என்று கேட்டார். எல்லம்மாள் குடத்துக்குள் பார்த்தாள்.

“சொல்லும்மா, எங்க எறங்கணும்?”

“இந்த பஸ்ஸு எதுவரிக்கும் போவுது?”

“மேல்மருவத்தூர்.”

“அதுவரிக்கும் குடு.”

கூட்டுரோட்டில் ஜெகதீசன் தன் ஆட்களோடு புது வீட்டைப் பார்க்க இறங்கினான். அடுத்த நிறுத்தத்தில் குன்றுக்குப் போகிறவர்கள் இறங்கினார்கள். வா என்று இரண்டு தடவையும் கூப்பிட்டார்கள். எல்லம்மாள் எழுந்திருக்கவில்லை. மடியில் குடம் தளும்பித் தளும்பிப் புடவை நனைந்துகொண்டே போயிற்று.