ஒரு மணி பத்து நிமிஷம்

அக்காவின் சாப்பாட்டுக் கடை மேல்தளத்துக்குக் கம்பி கட்டி முடித்திருந்தார்கள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் தங்கையின் கண்ணில் முதலில் பட்டது அதுதான்.

"வாடி, பெரிய ஆபீசரு! ஆறு மாசமா ஆளையே காணோம். வந்தா ரோடு தேஞ்சிடும்னு பயமா?" அக்கா கரண்டியும் கையுமாக வெளியே வந்தாள். "நல்ல நாளாப் பார்த்துதான் வந்திருக்க. நாளைக்குக் காலையில கான்கிரீட். லாரிக்காரங்க கால நீட்டிப் படுக்க மேல நாலு கட்டில். பத்து வருஷமா மனசுல கட்டின ரூமு."

மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த டிரைவர் வாயைப் பிளந்தார். ஊரே அவரைக் கொட்டாவி என்றுதான் கூப்பிடும். "முதல் கட்டில் எனக்குத்தான்."

"உமக்கு எதுக்குய்யா கட்டிலு? நீர்தான் ஸ்டியரிங்லயே தூங்குற ஆளாச்சே!" மேலிருந்து மேஸ்திரி குரல் கொடுத்தார்.

எல்லோரும் சிரித்தார்கள். தங்கையும் சிரித்துவைத்தாள்.

அவளுக்குச் சரக்குப் பாதைத் திட்ட அலுவலகத்தில் வேலை. துறைமுகத்தில் தொடங்கும் இந்த ஒற்றைச் சாலையை நம்பித்தான் கடலே இல்லாத மூன்று நாடுகள் இருந்தன. அங்கே ஆஸ்பத்திரிக்கு மருந்தும் வயலுக்கு உரமும் இந்த லாரிகளில்தான் போயாக வேண்டும். கப்பலிலிருந்து இறங்கிய பெட்டி கடைசி ஊரைத் தொட எட்டு நாள். அந்த எட்டு நாள் எங்கெங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை.

போன வருஷம் இதே கடையின் மூலை மேசையில் இரண்டு வாரம் உட்கார்ந்து லாரிகளைக் குறித்தாள். கடிகாரத்தைக்கூடப் பார்க்க விடவில்லை அக்கா. "எழுதிக்கோடி. எவன் நிறுத்தினாலும் ஒரு மணி பத்து நிமிஷம். அதுக்கு முன்னால எந்திரிச்சான்னா என் சமையல்ல குத்தம்னு அர்த்தம்." பெருமை பொங்கச் சொன்னாள். தங்கையும் எழுதிக்கொண்டாள்.

படிவத்தில் இரண்டே கட்டங்கள்: ஓட்டம், தாமதம்.

மேலதிகாரி அந்த எண்ணைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, "பிரமாதம்மா, இதத்தான் தேடிக்கிட்டிருந்தேன்" என்றார். அன்று முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. இப்போது நினைத்தால் அந்தச் சந்தோஷமே வெட்கமாக இருந்தது. அந்த எண்ணையும் வைத்துத்தான் மூன்று மாதத்துக்கு முன்பே முடிவெடுத்தார்கள். புதுச் சாலை வடக்கே பதினோரு கிலோமீட்டர் தள்ளி. இந்த ஊர்ப் பக்கமே திரும்பாது. நாளை மறுநாள் அறிவிப்பார்கள். அதுவரை வாய் திறக்கக் கூடாது என்பது விதி. விதி நல்ல போர்வை. அதை இழுத்து மூடிக்கொண்டுதான் மூன்று மாதமும் அக்காவின் போனை எடுக்காமல் இருந்தாள்.

"ஏண்டி, அன்னைக்கு எழுதினியே, மேல போச்சா?" அக்கா தட்டை அவள் முன்னால் வைத்தாள். "என்னைப் பத்தி ஒரு வரியாவது இருக்கா?"

"இருக்குக்கா."

"என்னன்னு?"

தட்டைப் பார்த்தபடியே தங்கை சொன்னாள். "தாமதம்னு."

அக்காவுக்குப் புரியவில்லை. தங்கை எல்லாவற்றையும் சொன்னாள். பதினோரு கிலோமீட்டர், நாளை மறுநாள், இரண்டு வருஷத்தில் புது ரோடு. "நாளைக்குக் கான்கிரீட் வேண்டாம்க்கா."

திட்டுவாள் என்று காத்திருந்தாள். அடித்தால்கூடத் தேவலை. அக்கா கரண்டியை முந்தானையில் துடைத்தாள். துடைத்ததையே திரும்பத் துடைத்தாள்.

"அதனால மருந்து சீக்கிரம் போகுமா?"

"போகும்க்கா. வழியில இருக்கிற இந்த மாதிரி நிறுத்தமெல்லாம் சேர்ந்தா ரெண்டு நாள் மிச்சம்."

"அப்போ நீ எழுதினது சரிதான்." குரலில் சூடே இல்லை. "எனக்குத்தான் தெரியல, நான் பெருமையடிச்சுக்கிட்டது தாமதத்தைத்தான்னு."

மேலே பார்த்து, "மேஸ்திரி, நாளைக்கு வேண்டாம்" என்றாள். அவர் ஏன் என்று கேட்டதைக் காதில் வாங்கவில்லை. நேராகக் கொட்டாவியிடம் போனாள். இரண்டாம் முறை சோறு கேட்டுத் தட்டை நீட்டியிருந்தார்.

"போதும், எந்திரிங்க. வண்டிய எடுங்க. தாமதமாகுது."

அவர் வாயில் பாதி வந்த கொட்டாவி அப்படியே நின்றது. இருபது வருஷத்தில் அந்தக் கடையில் யாரும் கேட்டிராத வார்த்தை. அவர் அக்காவைப் பார்த்தார். பிறகு தங்கையைப் பார்த்தார். அவளால் நிமிர முடியவில்லை. அவள் தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது.